சல்லடையில் இரண்டு பேருக்கு இடம்

சோஹாக் நகரில் நைல் கரையோரம் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. பருத்தி வியாபாரத்தில் கொழித்த யாரோ கட்டியது. அதைத்தான் இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வரலாறு, மேல்தளம் குழந்தைகளுக்கு. அரையாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து அங்கே போயே ஆக வேண்டும் என்று லுஜைன் ஒற்றைக் காலில் நின்றாள். ஏழு வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் நின்றால் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக உட்கார முடியுமா?

அப்பா ரிஃப்அத் சரி என்றான். ரயிலில் டிக்கெட் பரிசோதகன். வருஷம் முழுக்க மற்றவர்களின் பயணத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, தானும் எங்காவது போனால் தேவலை என்றிருந்தது. அவனுடைய அக்கா கரீமா சீவிச் சிங்காரித்து, எள்ளு மிட்டாய்ப் பொட்டலத்தோடு முதல் ஆளாக வாசலில் நின்றாள். லுஜைனின் அம்மா இன்ஷிராஹ் மட்டும் கிளம்பவில்லை.

"எனக்குத் தலை வலிக்குது அண்ணி. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க."

"தலையக் கழட்டி வீட்ல வச்சுட்டு வா. அங்க எல்லாச் சிலைக்கும் தலை இல்லாமத்தான் இருக்காம், உன்னைத் தனியா யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள் கரீமா.

கரீமாவின் வாய்க்கு முன்னால் யார் நிற்பது? இன்ஷிராஹ் கிளம்பினாள். அவளுக்குத் தலைவலி இல்லை. அருங்காட்சியகம் என்றால் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும். உள்ளே விளக்கு எரியும். வெளியே நின்று பார்க்கலாம், தொட முடியாது. அவளுடைய மகன் அப்படி ஒரு பெட்டிக்குள்தான் ஐந்து நாள் உயிரோடு இருந்தான்.

லுஜைனோடு கூடப் பிறந்தவன் அவன். இவளுக்குச் சற்று முன்னால் பிறந்தவன்.

மாளிகை வாசலில் நடுவயதுப் பெண் ஒருத்தி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும் குழந்தைகளின் புறங்கையில் நீல மையால் நீண்ட மூக்குக் கொக்கு முத்திரை குத்துவது அவள் வேலை. லுஜைன் கையை நீட்டினாள். இன்ஷிராஹ் பைக்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தபோது அந்தப் பெண் மேசைக்கு இந்தப் பக்கம் எட்டிக் குனிந்து, எதையோ முடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

"பையனுக்கும் குத்தியாச்சு. மை இன்னும் காயல. சட்டையில தேச்சுக்கப் போறான், பாத்துக்கோங்க."

"எந்தப் பையனுக்கு?" கரீமா தன் தம்பியின் வழுக்கையைக் காட்டினாள். "இவனுக்கா? இவன் சட்டையில மை தேச்சுக்கிட்ட காலமெல்லாம் போயிடுச்சும்மா."

"பாப்பா உசரம்தான் இருந்தான். கைகோத்துக்கிட்டு நின்னாங்களே... உங்களோட பிள்ளைன்னு நெனச்சேன். வேற யார்கூடயாவது வந்திருப்பான்."

கரீமா சிரித்தாள். ரிஃப்அத்தும் சிரித்துவிட்டு உள்ளே நடந்தான். இன்ஷிராஹ் திரும்பிப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் வேறு யாரும் வந்திருக்கவில்லை.

உள்ளே இருட்டு. மர ஜன்னல்களை எல்லாம் வெயிலுக்கு அஞ்சி அடைத்திருந்தார்கள். பழைய மரமும் பாச்சை உருண்டையும் ஆற்று ஈரமும் கலந்த வாசனை. கண்ணாடிப் பெட்டிகளில் மட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரிஃப்அத் ஒவ்வொரு பெட்டியின் முன்பும் நின்று, ஒட்டியிருந்த குறிப்பை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தான்.

"டேய், பரீட்சையா எழுதப் போற? கால் வலிக்குது, நகரு" என்றாள் கரீமா.

லுஜைன் எள்ளு மிட்டாயை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"அவனுக்கு."

"பூனைக்கா? இந்த ஊர்ப் பூனை எல்லாம் மீனைத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பார்க்காது" என்று கரீமா சொல்லும்போதே மேலே அந்தச் சத்தம் கேட்டது.

டங்.

பித்தளையில் பித்தளை மோதும் ஓசை. ஒரே ஒரு தடவை. பிறகு நீண்ட அமைதி. மறுபடியும் ஒரு டங்.

"மேல யாரோ காப்பிக்கொட்டை இடிக்கிறாங்க" என்றான் ரிஃப்அத்.

"காப்பி வாசனை வரலையே" என்றாள் கரீமா. அவள் குரலில் கேலி இல்லை.

மாடிப்படிக்குப் போகும் வழி ஒடுக்கமான நடை. அங்கே பெட்டிகள் இல்லை, அதனால் விளக்கும் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்த இன்ஷிராஹின் இடது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுத்தது, மிட்டாய் தின்ற கை.

"ஏண்டி, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? ஸ்வெட்டரைப் போட்டுக்கன்னு சொன்னேன்ல? சொன்னா எதையாவது கேக்கிறியா?"

அந்தக் கை அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

"அம்மா! சீக்கிரம் வா, மேல எவ்ளோ பெரிய ரூம் பாரு!"

லுஜைனின் குரல் மாடியிலிருந்து வந்தது.

இன்ஷிராஹ் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கைக்குள் எதுவும் இல்லை. குளிர் மட்டும் இருந்தது.

மேல்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நெவீன் கலகலப்பான பெண். மேலே வந்து சேர்ந்தவர்களைக் கடைசி அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே கண்ணாடிப் பெட்டி கிடையாது. எல்லாவற்றையும் பிள்ளைகள் தொடலாம். தரையில் அகலமான களத்துச் சல்லடை ஒன்று, அதில் பரப்பிய கோதுமை. பக்கத்தில் ஒரு பித்தளை உரலும் உலக்கையும். மூக்கு வைத்த மண்கெண்டி ஒன்று, மூக்கில்லாத மண்கூஜா ஒன்று. ஒரு கிண்ணத்தில் உப்பு. மெழுகுவர்த்திகள்.

"குழந்தை பொறந்த ஏழாம் நாள்ல என்ன செய்வோம்னு இங்க விளையாடிப் பார்க்கலாம். உனக்கும் செஞ்சிருப்பாங்க பாப்பா" என்றாள் நெவீன்.

செய்தார்கள். இன்ஷிராஹுக்கு அந்த நாளின் உப்பு இன்னும் காலடியில் நெறுநெறுத்தது. இரட்டைக் குழந்தைகள் என்று தெரிந்ததும் ஆண் குழந்தைக்குக் கெண்டியும் பெண் குழந்தைக்குக் கூஜாவும் முன்கூட்டியே வாங்கிப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டியில் மகன் அடங்கிப் போனான். பெயர் வைப்பது ஏழாம் நாளில்தானே என்று பெயரில்லாமலே புதைத்துவிட்டு வந்தார்கள். ஆனால் விருந்துக்குச் சொல்லியாகிவிட்டது. இருக்கிற பிள்ளைக்குச் செய்யாமல் விட்டால் அதற்கு ஆகாது என்றார்கள். கெண்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்கள். சல்லடையில் மகளை மட்டும் கிடத்தினார்கள். இன்ஷிராஹ் அதை ஏழு முறை தாண்டினாள். குழந்தையின் காதருகே உரலை இடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேளு, அத்தை பேச்சை எல்லாருக்கும் முன்னால கேளு!" என்று கூவி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் கரீமாதான். "அழுதுடாதே, நல்ல நாள்ல கண்ணீர் விழக் கூடாது" என்று தாண்டும் ஒவ்வொரு முறையும் யாரோ அவள் காதில் சொன்னார்கள். அவளும் அழவில்லை. அன்று நின்ற அழுகை அதற்குப் பிறகு சரியாக வரவே இல்லை.

"பொம்மையைத் துவைக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. பரவாயில்ல, சல்லடையில குழந்தை இருக்கிற மாதிரி நெனச்சுக்கோ" என்றாள் நெவீன்.

"வெறும் சல்லடைய வச்சு விளையாட வேணாம்மா" என்று கரீமா குறுக்கிட்டாள். "எங்க வீட்ல ஒப்புக்க மாட்டாங்க. இடமில்லாதது எதாவது வந்து படுத்துக்கும்பாங்க."

"அத்தை, வெறும் சல்லடை இல்ல" என்றாள் லுஜைன்.

அவள் கூஜாவை எடுத்துச் சல்லடையின் ஒரு பக்கம் வைத்தாள். கெண்டியை எடுத்து மறு பக்கம் வைத்தாள். நெவீன் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். "இப்ப குழந்தைக்கு ஒரு பேர் சொல்லு பார்ப்போம்."

"தமீம்."

இன்ஷிராஹ் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெயரை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் வாயை வைத்து, அவனிடம் மட்டும். கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

"யாருடி உனக்கு அந்தப் பேரைச் சொன்னது?"

"அவன்தான்" என்றாள் லுஜைன்.

அப்போது மின்சாரம் போனது.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் அணைந்தது, யாரோ மிக அருகில் குனிந்து ஊதியதைப் போல.

"யாரும் நகராதீங்க, ஜன்னலைத் தொறக்கிறேன்" என்று நெவீன் தடுமாறிக்கொண்டே போனாள். எதிலோ மோதினாள். கொண்டி துருப்பிடித்திருந்தது. ஒரு வழியாக ஒரு ஜன்னல் கதவு திறந்து வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே விழுந்தது.

லுஜைன் அறையில் இல்லை.

ரிஃப்அத் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். நெவீன் முன்னறைகளைப் பார்க்கப் போனாள். கரீமா பலகைகளுக்குப் பின்னால், மேசைகளுக்கு அடியில், திரைகளுக்குள் தேடினாள். வெளியே வந்து தேடிய இன்ஷிராஹுக்குப் பின்னால் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

டங்.

சத்தம் கடைசி அறையிலிருந்து வந்தது. சற்று முன் காலியாகப் பார்த்துவிட்டு வந்த அதே அறையிலிருந்து.

அவள் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள்.

நெவீன் திறந்த ஜன்னல் மூடியிருந்தது. மரச்சட்டங்களின் இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் லுஜைன் தெரிந்தாள். சல்லடைக்குள் முழங்காலை மடக்கி, ஓர் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் கோதுமை குழிந்திருந்தது. அவளுடைய ஒரு கை அந்தக் குழிக்கு மேலே அந்தரத்தில், யாரோ பிடித்திருக்கிற மாதிரி நின்றது.

"லுஜைன், எழுந்து வா கண்ணு."

"ரெண்டு பேருக்கும் இடம் இருக்குன்னு சொல்றான்மா" என்றாள் மகள். கண்கள் பாதி மூடியிருந்தன. "முன்னாடி இருந்த மாதிரியே."

இன்ஷிராஹுக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு வந்தது சந்தோஷம். ஏழு வருஷம் கழித்து அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அவள் தரையில் மண்டியிட்டாள்.

"தமீம்" என்றாள்.

கோதுமை மெல்ல அசைந்தது.

"அம்மாதான்டா. வந்துட்டேன்." கையை நீட்டினாள். அவள் விரல்களில் அந்தக் குளிர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பிள்ளை கன்னத்தை வைத்து உரசுகிற மாதிரி இருந்தது அது. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

"அம்மா, தூக்கம் வருது."

லுஜைனின் தலை தோளில் சரிந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இன்ஷிராஹ் அலறிக்கொண்டு அவளை வாரித் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பு வந்தது, அந்தக் கை வரவில்லை. அதை ஒருவன் விடாமல் பிடித்திருந்தான்.

"விடுப்பா. அவ கையை விடு."

விடவில்லை.

"விடுடா, ராஜா. அவளுக்கு முடியல பாரு."

லுஜைனின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

அவன் எப்படிக் கேட்பான் என்று அப்போதுதான் இன்ஷிராஹுக்குத் தோன்றியது. அம்மா பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் காதருகே உரலை இடித்துச் சொன்னார்கள். இவனுக்கு மட்டும்தான் யாருமே சொல்லவில்லை.

அவள் உலக்கையை எடுத்தாள். குழிக்குப் பக்கத்தில் உரலை வைத்து இடித்தாள்.

"அம்மா பேச்சைக் கேளு, தமீம்."

டங்.

"அப்பா பேச்சைக் கேளு. அத்தை பேச்சைக் கேளு."

டங்.

உப்பை அள்ளித் தூவினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சல்லடையைத் தாண்டினாள். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஏழு முறை தாண்டினாள். இந்த முறை அழாதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அழுதுகொண்டே தாண்டினாள். கண்ணீர் கோதுமையில் விழுந்தது. கடைசித் தடவை தாண்டியதும் குனிந்து, அவன் காது இருக்கக்கூடிய இடத்தில் சொன்னாள்.

"தங்கச்சி கையை விடு."

கை விட்டது.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவளைப் போல லுஜைன் ஒரு பெரிய மூச்சு வாங்கினாள். இன்ஷிராஹ் அவளைத் தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

பின்னால் கோதுமை சரசரத்தது.

அவனும் எழுந்தான். வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று அவனும் கிளம்பிவிட்டான். அவளுடைய இடது கைக்குள் அந்தச் சின்னக் கை மறுபடி வந்து நுழைந்தது.

அவள் நின்றாள். தோளில் கிடந்த மகளின் உடம்பு மறுபடியும் குளிரத் தொடங்கியது. பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அவளுக்கு வந்தது. வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"நீ வராதே கண்ணு" என்றாள். "இங்கயே உட்கார்ந்திரு. அம்மா நாளைக்கு வரேன்."

பள்ளிக்கூட வாசலில், ஊசி போடும் அறையில், உலகத்துத் தாய்மார்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான்.

கை தயங்கியது. ஒவ்வொரு விரலாக விலகியது. சின்னக் காலடிகள் திரும்பிப் போயின. கோதுமை ஒரு தரம் நெரிந்து, அமைதியானது.

ஒரே தடவை சொன்னதற்கே கேட்டுவிட்டான்.

கதவுக்கு வெளியே கரீமா நின்றிருந்தாள். உரல் சத்தத்தையும் பெயரையும் அவள் கேட்டிருந்தாள்.

"யாரு தமீம்?" என்றாள் கிசுகிசுப்பாக.

"உங்க தம்பி மகன்."

கரீமா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓயாத அந்தப் பெண் முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டாள். வீடு போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆற்றோரம் யாரோ மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். லுஜைன் தனக்கு ஒன்று வேண்டும் என்று நச்சரித்தாள். ரிஃப்அத் வாங்கிக் கொடுத்தான். அவள் கை கழுவாமலே தின்றாள், கழுவு என்று சொன்னதைக் கேட்கவில்லை. மகளின் புறங்கையில் கொக்கு முத்திரை அழியாமல், தெளிவாகக் காய்ந்திருந்தது.

இன்ஷிராஹ் தன் இடது கையைத் திறந்து பார்த்தாள்.

உள்ளங்கை முழுக்க நீல மை. ஈரம் காயாத முத்திரை ஒன்றை இறுகப் பிடித்ததால் ஒட்டிய கொக்கு, மூக்கு இடம் மாறி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

அவள் மறுநாள் போகவில்லை. லுஜைனுக்குக் காய்ச்சல் கண்டது. அது இறங்கியதும் போகிறேன் என்றாள், ரிஃப்அத் விடவில்லை. "அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது. இருக்கிறதும் போகணுமா?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உள்ளங்கை மை நாளுக்கு நாள் மங்கியது. பாத்திரம் துலக்கும்போது இடது கையை நனைக்காமல் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் போய்விட்டது. பிறகு ரமலான் வந்தது. பெருநாளும் முடிந்தது. ஒரு நாள் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள்.

நெவீனுக்கு அவளை நினைவிருந்தது. "அன்னிக்கு எல்லாரையும் பயமுறுத்திட்டா உங்க பொண்ணு. நல்லா இருக்காளாக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைசி அறைக்கு அழைத்துப் போனாள். "இங்க ஒரு பூனை வருதுக்கா. எந்த வழியா வருதுன்னே தெரியல. தினம் காலைல கோதுமையை நிரவி விடறேன், திரும்பி வந்து பார்த்தா குழி. அதே இடத்துல. ஒரு நாள் தவறாம."

கீழே யாரோ கூப்பிட்டார்கள். நெவீன் போனாள்.

இன்ஷிராஹ் சல்லடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கோதுமை குழிந்திருந்தது, ஒரு பிள்ளை முழங்காலை மடக்கி உட்கார்ந்த அளவுக்கு. குழியின் விளிம்பில் அரை எள்ளு மிட்டாய் கிடந்தது. எறும்புகூட அதைத் தொடவில்லை.

"தமீம்" என்றாள். "அம்மாவுக்கு வர முடியலப்பா."

அவன் கோபித்துக்கொண்டு அழுதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோதுமை மணிகள் மெல்லச் சரிந்தன. குழி சல்லடையின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டது.